புல்வெட்டும் யந்திரமும் அதன் கிளட்சும்

தலைநகராகிய தில்லியின் அழகில் ஒரு பாதி அதன் கட்டடங்களில் இருக்கிறது என்றால், மற்றொரு பாதி அதன் புல்தரைகளில் இருக்கிறது எனலாம். 1911-ஆம் ஆண்டில் தலைநகராக அறிவிக்கப்பெற்று, 1931-இல் திறந்துவைக்கப்பெற்ற புது தில்லி, அகன்ற சாலைகளும் பரந்த புல்வெளிகளும் கொண்டதாகவே வகுக்கப்பட்டது. இந்தியா கேட்டைச் சூழ்ந்த வெளியையும், 1936-இல் அமைக்கப்பெற்ற லோடி தோட்டத்தையும் அறியாதார் இலர். அரசாங்க ஊழியர் வாழும் எளிய குடியிருப்புகளிலுங்கூட, வீட்டு வரிசைகளுக்கு நடுவே ஒரு சதுரப் புல்தரை இருக்கக் காணலாம். அங்கே விளைவது பெரும்பாலும் நாம் பிள்ளையாருக்குச் சூட்டும் அதே அறுகம்புல்தான். வடநாட்டார் அதனைத் தூப் என்பர். குளிர்காலத்தில் பழுப்பேறி உறங்கிக் கிடக்கும் இப்புல், ஜூலை மாதத்து மழை விழுந்ததும் விழித்துக்கொண்டு விரைந்து வளரத் தொடங்கும். அப்போது வாரத்திற்கு ஒரு முறையேனும் அதனை வெட்டியாக வேண்டும்.

வெட்டுகின்ற யந்திரத்தின் ஓசையை நாம் காலைதோறும் கேட்கிறோம். அந்த யந்திரத்தினுள் கைக்கு அடங்கும் சிறியதோர் உறுப்பு இருக்கிறது. அதன் பெயர் கிளட்ச். தோட்டக்காரருடைய விரல்களின் நலம் பெரிதும் அதனைப் பொறுத்தே இருக்கிறது. அது யாது, எவ்வாறு பழுதுறுகிறது, எவ்வாறு அதனைப் பேண வேண்டும் என்பவற்றை நேயர்களுக்கு எடுத்துரைப்பதே இப்பேச்சின் நோக்கம். நான் பொறியியல் கற்றவன் அல்லேன். மொழிபெயர்ப்பு என் தொழில். இச்செய்திகளை நான் கற்க நேர்ந்த காரணத்தையும் உரிய இடத்தில் கூறுவேன்.

முதற்கண் யந்திரத்தின் வரலாற்றைச் சிறிது காண்போம். இங்கிலாந்தில் கிளாஸ்டர்ஷயர் பகுதியைச் சேர்ந்த ஸ்ட்ரௌட் வட்டாரம் கம்பளித் துணி ஆலைகளுக்குப் பெயர்பெற்றது. நெய்து முடித்த துணியின் மேற்பரப்பில் துருத்தி நிற்கும் மயிரிழைகளைச் சீராகக் கத்தரிப்பதற்கு அவ்வாலைகளில் சுழல்கத்தி யந்திரங்கள் இருந்தன. அவற்றைக் கண்ட எட்வின் பட்டிங் என்பவர், துணியின் மயிரை வெட்டுவது போலவே தரையின் புல்லையும் வெட்டலாமே என்று எண்ணினார். 1830-ஆம் ஆண்டில் தம் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். ஓர் உருளையின் மேல் திருகலாக அமைந்த அலகுகள் சுழன்று வந்து, அசையாத கீழலகு ஒன்றின் விளிம்பை ஒட்டிச் செல்லும். இடையில் அகப்படும் புல், கத்தரிக்கோலில் அகப்பட்டது போல வெட்டுண்ணும். இன்றுங்கூட உருளை வகை யந்திரங்கள் யாவும் இம்முறையையே பின்பற்றுகின்றன.

பட்டிங்கின் யந்திரத்தை மனிதர் தள்ளினர். பெரிய யந்திரங்களைப் பின்னாளில் குதிரைகள் இழுத்தன. குளம்பின் தடம் புல்லிற் பதியாதிருக்க அக்குதிரைகளுக்குத் தோலுறை அணிவித்தார்கள். இவ்விரு முறைகளிலும் ஒரு நன்மை இருந்தது. தள்ளுபவன் நின்றால் கத்தியும் நின்றுவிடும். குதிரை நின்றாலும் அவ்வாறே. ஆனால் 1902-ஆம் ஆண்டில் இப்ஸ்விச் நகரத்து ரான்சம்ஸ் நிறுவனம் பெட்ரோல் எஞ்சின் பூட்டிய யந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது நிலைமை மாறியது. மனிதன் நின்ற பின்னும் எஞ்சின் நிற்பதில்லை. ஒவ்வொரு முறை நிற்கும்போதும் எஞ்சினை அணைத்துவிட்டு, மீண்டும் கயிற்றை இழுத்துக் கிளப்பிக்கொண்டிருப்பதோ இயலாத காரியம். ஆகவே எஞ்சின் தன்போக்கில் ஓடிக்கொண்டிருக்க, கத்தியை மட்டும் வேண்டும்போது ஓட்டவும் வேண்டாதபோது நிறுத்தவும் ஓர் இடைக்கருவி தேவையாயிற்று. அதுவே கிளட்ச்.

கிளட்ச் என்னும் ஆங்கிலச் சொல்லுக்குப் பற்றிக்கொள்ளுதல் என்பது பொருள். மொழிபெயர்ப்பாளர் சிலர் அதனை உரசிணைப்பி என்று தமிழாக்கியுள்ளனர். பட்டறையில் எவரும் அப்படிச் சொல்லுவதில்லையாதலின், நானும் கிளட்ச் என்றே கூறிச் செல்கிறேன். பெயர் பற்றுதலைக் குறித்தாலும், இக்கருவிக்கு விடுதலும் சமமான கடமை என்பதை மட்டும் நேயர்கள் மனத்திற் கொள்ள வேண்டும். நன்றாகப் பற்றாத கிளட்சால் புல் வெட்டுப்படாது. நன்றாக விடாத கிளட்சால் கை வெட்டுப்படும்.

புல்வெட்டும் யந்திரங்களில் பெரும்பாலும் மூவகைக் கிளட்சுகளைக் காணலாம்.

முதலாவது தட்டுக் கிளட்ச். எஞ்சினோடு சுழலும் ஓர் இரும்புத் தட்டும், கத்தியோடு இணைந்த மற்றொரு தட்டும் எதிரெதிரே இருக்கும். இரண்டிற்கும் நடுவே உராயும் பொருளாலான லைனிங் அமைந்திருக்கும். கைப்பிடியில் உள்ள லீவரைப் பிடித்தால், ஒரு கேபிளின் வழியாகத் தட்டுகள் நெருக்கப்படும். உராய்வினால் ஒன்று மற்றொன்றைச் சுழற்றும். லீவரை விட்டுவிட்டால் ஸ்பிரிங் தட்டுகளைப் பிரித்துவிடும். மோட்டார் காரில் மிதியை அழுத்தினால் பிரியும், விட்டால் சேரும். இங்கே முறை நேர்மாறானது. பிடித்தால் சேரும், விட்டால் பிரியும். கை தவறினாலும் கத்தி நிற்க வேண்டும் என்பதே இதன் கருத்து.

இரண்டாவது மையவிலக்குக் கிளட்ச். இதற்கு லீவர் இல்லை. எஞ்சின் தண்டின் மேல் லைனிங் ஒட்டிய காலணி போன்ற துண்டுகள் ஸ்பிரிங்குகளால் உள்நோக்கி இழுக்கப்பட்டிருக்கும். வேகம் மிகும்போது அவை வெளிநோக்கி விரிந்து, தம்மைச் சூழ்ந்த டிரம்மைப் பற்றிச் சுழற்றும். வேகம் இருமடங்கானால் அவற்றை வெளியே தள்ளும் விசை நான்கு மடங்காகும். ஆதலின் நிமிடத்திற்கு 1,500 சுற்றில் ஸ்பிரிங்குக்கு அடங்கியிருக்கும் துண்டுகள், 3,000 சுற்றில் டிரம்மை உறுதியாகப் பற்றிக்கொள்கின்றன.

மூன்றாவது பல் கிளட்ச். இதில் உராய்வு இல்லை. ஒரு துண்டின் பற்கள் மற்றொன்றின் பள்ளங்களிற் சென்று பொருந்தும். யந்திரத்தைப் பாதை வழியே ஓட்டிச் செல்லும்போது உருளைக் கத்தியை மட்டும் நிறுத்திவைக்க இது பயன்படுகிறது.

இவை அன்றி, ஒருவர் ஏறி அமர்ந்து ஓட்டும் பெரிய யந்திரங்களில் மின்காந்தக் கிளட்ச் உண்டு. சுவிட்சைப் போட்டதும் கம்பிச்சுருள் காந்தமாகித் தட்டை இழுத்துக்கொள்ளும். இன்று பரவிவரும் பேட்டரி யந்திரங்கள் பலவற்றில் மோட்டாரே நின்றுவிடுவதால் தனியாகக் கிளட்ச் தேவைப்படுவதில்லை. ஆயினும் பெட்ரோல் யந்திரங்கள் இன்னும் ஏராளமாக உழைத்துக்கொண்டிருக்கின்றன.

உராய்வுக் கிளட்சுக்கு வரும் நோய்கள் இரண்டே. ஒன்று வழுக்குதல், மற்றொன்று விடாது இழுத்தல். எஞ்சின் இரைந்து ஓடியும் கத்தி தளர்ந்து சுழலுமானால், அல்லது கருகிய நாற்றம் வருமானால், கிளட்ச் வழுக்குகிறது என்று அறியலாம். லீவரை விட்ட பின்னும் கத்தி சுழலுமானால், அல்லது யந்திரம் தானே மெல்ல முன்னேறுமானால், கிளட்ச் விடாமல் இழுக்கிறது என்று அறியலாம். முதல் நோயை யாரும் கவனிக்கத் தவறுவதில்லை, வேலை நின்றுவிடுகிறது. இரண்டாம் நோயை எவரும் பொருட்படுத்துவதில்லை; வேலை நடந்துகொண்டுதானே இருக்கிறது! ஆனால் ஆபத்து இரண்டாவதில்தான் இருக்கிறது.

இதனை நான் அறிந்துகொண்ட விதத்தை இப்போது சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், நாங்கள் வாழ்ந்த குடியிருப்பில் எல்லோருமாகப் பணம் சேர்த்து, தட்டுக் கிளட்ச் உள்ள பழைய உருளை யந்திரம் ஒன்றை வாங்கினோம். அதனுடன் பன்னிரண்டு பக்கங்களில் ஓர் ஆங்கிலக் கையேடும் வந்தது. எங்கள் தோட்டக்காரர் இந்தி மட்டுமே அறிந்த பெரியவர். “பாபுஜி, இதில் என்ன எழுதியிருக்கிறது?” என்று அவர் என்னிடம் கேட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை படித்துச் சொல்வதாகக் கூறினேன். நாள் முழுதும் அலுவலகத்தில் பிறர் எழுதியவற்றை மொழிபெயர்க்கின்ற எனக்கு, அந்தப் பன்னிரண்டு பக்கங்களுக்கு ஒரு ஞாயிறும் வாய்க்கவில்லை.

அந்த யந்திரத்தின் கேபிள் துருப்பிடித்திருந்தது. ஆதலால் லீவரைப் பிடித்துக்கொண்டிருப்பது கடினமாயிற்று. கை வலி பொறாத அப்பெரியவர், லீவரை ஒரு சணற்கயிற்றால் கைப்பிடியோடு சேர்த்துக் கட்டிவிடுவார். நிற்க வேண்டியபோது அவிழ்த்துவிடுவார். ஆகஸ்டு மாதத்தில் ஒரு நாள், ஈரப்புல் திரண்டு உருளையில் அடைத்துக்கொண்டது. அவர் கயிற்றை அவிழ்த்தார். உருளை அசையாமல் நின்றது. கிளட்ச் பிரிந்துவிட்டது என்று எண்ணி, எஞ்சினை அணைக்காமலே கையை விட்டுப் புற்கட்டியை இழுத்தார். உண்மையில் கேபிள் துருவில் சிக்கித் திரும்பாமல் இருந்தது. தட்டுகள் ஒட்டியபடியே இருந்தன. உருளையைத் தடுத்து நிறுத்தியிருந்தது அந்தப் புற்கட்டி ஒன்றே. அது நீங்கியதும் உருளை சுழன்றது. அவருடைய வலக்கைச் சுட்டுவிரலின் நுனி போயிற்று.

லீவரை ஒருபோதும் கட்டிவைக்கக் கூடாது என்பதும், வேலை தொடங்குமுன் லீவர் தானே திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும் என்பதும், அந்தக் கையேட்டின் மூன்றாம் பக்கத்தில் இருந்தன. புதிய கேபிளின் விலை, இருவர் உணவு விடுதியில் ஒருவேளை உண்ணும் செலவுக்கு மேற்படாது. ஒரு மாதம் கழித்து, கட்டுப்போட்ட விரலுடன் அவர் திரும்பி வந்தார். என்னைக் குறை கூறவில்லை. “பாபுஜி, புத்தகத்தில் எழுதியிருப்பதை இப்போது சொல்லுங்கள்” என்றார். புல்தரையில் அவரருகே அமர்ந்து பன்னிரண்டு பக்கங்களையும் இந்தியிற் சொன்னேன். பின்னர் அவரோடு பட்டறைக்குச் சென்று, கிளட்சைப் பிரித்துக் காட்டச் சொல்லி, இருவருமாகக் கற்றுக்கொண்டோம். இனி நான் கூறுபவை அங்கே கற்றவையே.

கிளட்சில் கைவைக்குமுன் செய்ய வேண்டியவை சில உண்டு. எஞ்சினை அணைத்து ஆறவிட வேண்டும். ஸ்பார்க் பிளக்கின் கம்பியைக் கழற்றி, பிளக்கில் மீண்டும் படாதவாறு விலக்கிக் கட்ட வேண்டும். பெட்ரோல் குழாயை மூட வேண்டும். கத்தியைக் கையால் திருப்ப நேர்ந்தால் தடித்த கையுறை அணிய வேண்டும். ஓர் அலகைத் தள்ளும்போது மற்றோர் அலகு பின்புறமாக வந்து வெட்டக்கூடும். அடைத்த புல்லை எடுப்பதற்கும் இதே முறைதான். கையால் எடுப்பதைக் காட்டிலும் ஒரு மரக்குச்சியால் எடுப்பது நன்று.

அடுத்து ஓர் எளிய சோதனை. தட்டுக் கிளட்ச் உள்ள யந்திரத்தில் எஞ்சினை ஓட்டாமலே, லீவரை விட்ட நிலையில் யந்திரத்தை முன்னே தள்ளிப் பாருங்கள். அது இலேசாக உருள வேண்டும். பிறகு லீவரைப் பிடித்தபடி தள்ளுங்கள். இப்போது எஞ்சினையும் சேர்த்துச் சுழற்ற வேண்டியிருப்பதால் கனக்க வேண்டும். இரு நிலையிலும் கனத்தால் கிளட்ச் விடவில்லை. இரு நிலையிலும் இலேசாயிருந்தால் பற்றவில்லை.

பல சமயங்களில் குற்றம் கிளட்சில் இராது, கேபிளில் இருக்கும். ஆகவே முதலில் கேபிளையே பார்க்க வேண்டும். அதன் இழைகளில் ஒன்றிரண்டு அறுந்திருந்தாலும், உறைக்குள் துரு ஏறியிருந்தாலும், அதனை மாற்றிவிடுவதே நலம். நல்ல கேபிளில் மெல்லிய எண்ணெய் சில சொட்டுகள் விட்டு மேலும் கீழும் அசைத்தால் இறங்கிவிடும். லீவரை விட்ட நிலையில் கேபிளில் சிறிது தளர்வு இருக்க வேண்டும். தளர்வு சிறிதும் இல்லையாயின் தட்டுகள் முற்றும் பிரியமாட்டா. தளர்வு மிகுதியாயின் முற்றும் நெருங்கமாட்டா, அப்போது வழுக்கும். கேபிளின் முனையிலுள்ள மரையைத் திருகி இதனைச் சரிசெய்யலாம். எவ்வளவு தளர்வு என்பதை அந்தந்த யந்திரத்தின் கையேட்டிற் காணலாம்.

கேபிள் சரியாயிருந்தும் வழுக்குமாயின் கிளட்சைப் பிரித்துப் பார்க்க வேண்டும். லைனிங் தேய்ந்து ரிவெட்டுகளின் தலை வெளித்தெரிந்தால் அது மாற்ற வேண்டிய நிலை. தாமதித்தால் ரிவெட்டுகள் இரும்புத் தட்டைக் கீறிவிடும். தட்டில் நீலநிறத் தழும்புகள் இருந்தால் அது சூடேறிய அடையாளம். ஒரு கண்ணாடிப் பலகையின்மேல் வைத்துப் பார்த்தால் தட்டு கோணியிருப்பது தெரிந்துவிடும். லைனிங் தேயாமல் பளபளப்பேறி மட்டும் இருந்தால், உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்து அப்பளபளப்பைப் போக்கலாம். ஒன்று நினைவிருக்கட்டும். பழைய லைனிங்குகள் பலவற்றில் கல்நார் கலந்திருக்கும். அதன் தூள் நுரையீரலுக்குப் பெருங்கேடு விளைப்பது. எனவே வாயால் ஊதுதலும் காற்றுக்குழாயால் அடித்தலும் கூடா. ஈரத்துணியால் துடைத்து, அத்துணியைக் கட்டி எறிந்துவிட வேண்டும். பழையது, எதனாலானது என்று தெரியாதது ஆகிய லைனிங்கை உப்புத்தாளால் தேய்க்கவும் கூடாது; புதியது போடுவதே முறை.

எண்ணெய் விஷயத்தில் நம்மவர் செய்யும் தவறு பெரிது. எதிலே ஓசை கேட்டாலும் எண்ணெய் விடுவது நம் வழக்கம். பல் கிளட்சுக்கு எண்ணெய் தேவை. அது சறுக்கிச் செல்லும் தண்டில் இரண்டு சொட்டு விட வேண்டும். உலர்ந்த லைனிங் உள்ள உராய்வுக் கிளட்சுக்கு எண்ணெய் நஞ்சு. உராய்வினால் பற்றும் பொருளின்மேல் உராய்வைக் குறைக்கும் பொருளை விட்டால் அது எவ்வாறு பற்றும்? லைனிங்கில் எண்ணெய் ஊறியிருக்கக் கண்டால், அது எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டும். பெரும்பாலும் எஞ்சின் தண்டைச் சூழ்ந்த ஆயில் சீல் கசிந்திருக்கும். சீலை மாற்றாமல் லைனிங்கை மட்டும் மாற்றினால், புதியதும் சில வாரங்களில் கெட்டுவிடும்.

மையவிலக்குக் கிளட்சில் பார்க்க வேண்டியவை ஸ்பிரிங்குகள். எஞ்சின் மெதுவாக ஓடும்போதே கத்தி சுழலுமானால், எஞ்சினின் மெதுவோட்ட வேகம் அளவுக்கு மிஞ்சி வைக்கப்பட்டிருக்கலாம். அல்லது ஸ்பிரிங் தளர்ந்தோ ஒடிந்தோ போயிருக்கலாம். முதலில் வேகத்தைக் குறைத்துப் பார்த்து, அதன் பின்னரே பிரிக்க வேண்டும். ஸ்பிரிங் ஒன்று ஒடிந்திருந்தாலும் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றுதல் வேண்டும். புதியதும் பழையதும் கலந்தால் ஒரு துண்டு முந்தும், மற்றொன்று பிந்தும். மின்காந்தக் கிளட்சிலோ காந்தத்தால் இழுபடும் தட்டுக்கும் அது சென்று பற்றும் முகத்துக்கும் உள்ள இடைவெளியே முக்கியம். அது பொதுவாக அரை மில்லிமீட்டருக்கும் குறைவானது. அதனைப் பீலர் கேஜ் என்னும் மெல்லிய தகடுகளால் அளந்து, சுற்றிலும் ஒரே அளவாக வைக்க வேண்டும்.

சில வேளைகளில் கிளட்ச் பிறர் செய்த குற்றத்திற்குத் தண்டனை அனுபவிக்கும். உருளையைக் கீழலகின்மேல் மிக இறுக்கமாக அமைத்துவிட்டால் எஞ்சினுக்குப் பாரம் கூடும். இடையிலுள்ள கிளட்ச் வழுக்கும். எஞ்சினை நிறுத்திவிட்டு, ஒரு காகிதத் துண்டை அலகுகளுக்கு இடையே நீட்டி, உருளையை மெல்லத் திருப்பிப் பார்க்க வேண்டும். காகிதம் நெடுகிலும் சீராக வெட்டுப்பட்டு, உருளையும் இலேசாகச் சுழன்றால் அமைப்பு சரியே. உலர்ந்த பேரிங்கும், இறுகிய சங்கிலியும், உயர வளர்ந்த ஈரப்புல்லும் இதே கேட்டை விளைக்கும். நீண்ட புல்லை ஒரே முறையில் ஒட்ட வெட்டாமல், இருமுறையாகத் தாழ்த்தி வெட்டுதல் யந்திரத்துக்கும் நல்லது, புல்லுக்கும் நல்லது.

டிசம்பர் மாதத்தில் அறுகு உறங்கும்போது யந்திரமும் ஓய்வெடுக்கும். அப்போது புல்லையும் மண்ணையும் துடைத்து, பெட்ரோலை வடித்து, லீவரை விட்ட நிலையில் ஈரமற்ற இடத்தில் வைக்க வேண்டும். தட்டுகள் ஒட்டிக் கிடந்தால் குளிர்காலப் பனியீரத்தில் துருப்பிடித்து ஒன்றாகிவிடும். மீண்டும் எடுக்கும் நாளில் முன்னே சொன்ன தள்ளும் சோதனையைச் செய்து பார்த்த பிறகே எஞ்சினைக் கிளப்ப வேண்டும்.

அமெரிக்க நாட்டில், நடந்து சென்று ஓட்டும் சுழலலகு யந்திரங்களில் கைப்பிடியை விட்ட 3 விநாடிகளுக்குள் அலகு நின்றுவிட வேண்டும் என்னும் விதி 1982-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. சட்டம் கேட்பது மூன்று விநாடி. நம் தோட்டக்காரருக்காக நாம் செலவிட வேண்டியது அதனினும் சற்றுக் கூடுதல். ஒரு கேபிளின் விலையும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையும். உங்கள் குடியிருப்பில் யந்திரம் இருக்குமாயின், அதன் லீவரில் கயிறு கட்டியிருக்கிறதா என்று நாளைக் காலையில் பாருங்கள். கட்டியிருந்தால் கட்டியவரைக் கடிந்துகொள்ளாதீர்கள். அந்தக் கயிறு, கேபிளை மாற்ற வேண்டும் என்று அவர் நமக்கு எழுதியிருக்கும் விண்ணப்பமாகும். கையேடு இருந்தால், அவருக்கு விளங்கும் மொழியில் அதனைப் படித்துச் சொல்லுங்கள்.